உங்களுக்குத் தெரியுமா? பத்துமலை முதல் கிள்ளான் வரை கதைமாந்தர்

கதை எழுத உட்காருகிற பலர் முதல் பக்கத்திலேயே நாயகனின் மூக்கையும் முடியையும் வர்ணித்து முடித்துவிடுகிறார்கள். அதன் பிறகும் ஆள் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டான். அவனுக்கு என்ன வேண்டும், அதற்காக எதை விடத் துணிவான் என்று தெரிந்தால்தான் எழுந்து நடப்பான். அப்படி நடந்தவர்கள் சிலர் இந்தத் துணுக்குகளில் வருகிறார்கள். பெரும்பாலோர் நம் பக்கத்து ஆட்கள்.

★ தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுக்கிற எல்லாரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பழைய கதைமாந்தனின் வேலையைத்தான் செய்கிறார்கள். அவன் இடும்பன். அகத்தியர் சொன்னார் என்பதற்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைத் தடியின் இரு முனையிலும் கட்டித் தோளில் தூக்கி வந்தவன். பழனிப் பக்கம் களைப்பாற இறக்கினான். மறுபடி தூக்கப் போனால் குன்று அசையவில்லை. மேலே ஒரு சிறுவன் நின்றுகொண்டு இது என் மலை என்கிறான். சண்டை, சாவு, மறுபடி உயிர், கடைசியில் முருகன் சந்நிதிக்குக் காவல். கவனித்தால், இடும்பனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. குரு சொன்ன வேலையை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். முருகனை எதிர்த்து நின்றதும் அதற்காகத்தான். எதிராளி என்றாலே கண்ணை உருட்டிச் சிரிக்க வைப்பவர்கள் இவன் கதையை இன்னொரு முறை படிக்கலாம்.

★ 2006 ஜனவரியில் திறக்கப்பட்ட பத்துமலை முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர், அதாவது 140 அடி. வடித்தவர் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி. சேலம் மாவட்டத்தில் 2022இல் எழுந்த 146 அடி முத்துமலை முருகனும் அவர் கைவேலைதான். இவ்வளவு உயரத்தில் முகத்தின் நுணுக்கம் கீழே நிற்பவர் கண்ணுக்கு முழுதாக எட்டாது; வேல் எட்டிவிடும். தூரத்திலேயே ஆளைக் காட்டிக்கொடுக்க ஒரு பொருள் போதும் என்பது சிற்பிகளுக்குப் பழைய பாடம். கார்ட்டூன்காரர்கள் அதைப் பிற்பாடுதான் கற்றார்கள்.

★ அந்தக் கார்ட்டூன்காரர்களின் நல்ல உதாரணம் ஷா ஆலாமில் இருக்கிறது. உப்பின், இப்பின் இரட்டையர்கள். இருவருக்கும் மொட்டைத் தலை, ஒரே முகம். உப்பினுக்கு உச்சியில் கொஞ்சம் முடி, மஞ்சள் சட்டை. இப்பினுக்கு நீலச் சட்டை, கழுத்தில் சிவப்புத் துணி. ஒரு வயதுக் குழந்தைகூட மாற்றிச் சொல்லாது. ஆரம்ப வருடங்களில் இந்த இரண்டு பையன்களுக்கும் குரல் கொடுத்தது ஒரே ஆள், அதுவும் ஒரு சிறுமி: நூர் ஃபாத்தியா டியாஸ்.

★ இன்னொன்று தெரியுமா? உப்பினும் இப்பினும் பிறந்தபோது நாயகர்கள் இல்லை. லெஸ் கொப்பாக் நிறுவனம் எடுத்துக்கொண்டிருந்த 'கெங்' என்ற முழுநீளப் படத்தில் துணைக்கு வந்த பொடியர்கள். அந்தப் படத்துக்கு முன்னோட்டமாக, மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் பார்க்கலாம் என்று, 2007 நோன்பு மாதத்தில் இவர்களை வைத்துச் சின்னத் தொடர் ஒன்றை வெளியிட்டார்கள். படம் வந்தது 2009இல். அதற்குள் பொடியர்கள் நாடு முழுவதும் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். படத்தின் நாயகர்கள் பெயரைக் கேட்டால் இன்று எத்தனை பேர் சொல்வார்கள்? துணைப்பாத்திரம் கதையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தால் ஓட விடுவதே நல்லது. கையைப் பிடித்து இழுத்து வந்து மூலையில் நிறுத்துகிற எழுத்தாளர்கள்தான் அதிகம்.

★ உப்பின், இப்பின் வாழும் கம்போங்கில் நம்மவர்களும் உண்டு. மாட்டோடு திரியும் ராஜு, சாப்பாட்டுக் கடை முத்து அங்கிள், நடுநடுவே பந்துன் சொல்லும் சீக்கியச் சிறுவன் ஜர்ஜித். 2011இல் தொடங்கிய 'போபோய்பாய்' தொடரில் கோபால்: கண்ணில் பட்டதையெல்லாம் தின்பண்டமாக மாற்றுகிற சக்தி, கோக்கோ கடையில் தீராத கடன், வாயைத் திறந்தால் 'டேய்'. பிள்ளைகளுக்குக் கோபால் என்றால் உயிர். எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு முறை தள்ளி நின்று பார்த்தால் மனம் நெருடுகிறது. சிரிக்க வைக்க ஒருவன், மாட்டோடு ஒருவன், கடையில் ஒருவர். இவர்களில் யாராவது ஒருவனுக்கு, நாயகனுக்கு உதவுவது தவிரத் தனியாக ஓர் ஆசை உண்டா? கோபாலுக்குப் பிற்பாடு வந்த கதைகளில் கொஞ்சம் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயந்தாங்கொள்ளி என்று தொடங்கியவன், பயத்தோடேயே முன்னால் போகப் பழகினான்.

★ அந்தத் தொடரின் நாயகன் போபோய்பாய்க்கு ஒரு குறை வைத்தார்கள், அதுதான் அந்தத் தொடரின் கெட்டிக்காரத்தனம். இடி, காற்று, மண் என்று தன்னை மூன்றாகப் பிரித்துக்கொள்ள முடியும். ஆனால் ரொம்ப நேரம் பிரிந்தே இருந்தால் நினைவு தப்பத் தொடங்கும். சக்திக்கு விலை உண்டு என்றதும் ஒவ்வொரு சண்டையிலும் ஒரு கவலை தானாகச் சேர்ந்துவிடுகிறது. விலை இல்லாத சக்தியை வைத்துக்கொண்டு மூன்றாம் அத்தியாயத்தில் திணறுகிறவர்கள் குறித்துக்கொள்க.

★ பத்துமலைக் குகைகளில் வாழும் ஒருவகை வௌவால், இரவில் பறந்து போய் டுரியான் பூக்களுக்கு மகரந்தம் சேர்த்துவிட்டு விடிவதற்குள் திரும்புகிறது. யாரும் கைதட்டுவதில்லை. மலேசியாவின் வௌவால் வீரனுக்கும் கைதட்டல் கிடைக்கவில்லை: 1998இல் தொலைக்காட்சிக்கு வந்த 'கெலுவாங் மேன்'. கம்ன் இஸ்மாயில் உருவாக்கிய இந்த வீரன் பகலில் போர்ஹான், ஜொகூர் தம்போய் மனநல மருத்துவமனையில் நோயாளி. இரவில் மதில் தாண்டிப்போய் ஊரைக் காப்பான். காலையில் கட்டிலில் படுத்திருப்பான். நான்தான் அவன் என்று சொன்னாலும் டாக்டர் நம்பப் போவதில்லை. அமெரிக்க வீரர்கள் முகமூடி போட்டு ரகசியத்தைக் காக்கிறார்கள். போர்ஹானின் ரகசியத்துக்கு முகமூடிகூடத் தேவையில்லை. 2025இல் திரைப்படமாகவும் வந்தான்.

★ பத்துமலை வளாகத்தின் இராமாயணக் குகைக்குப் போகிறவர்கள் வாசலில் 15 மீட்டர் அனுமனோடு படம் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே பிள்ளைகள் நிற்கிற இடம் வேறு: படுத்துக்கிடக்கும் கும்பகருணன், அவனை எழுப்பப் போராடும் கூட்டம். சிற்பம் தூக்கத்தோடு நின்றுவிடுகிறது. கம்பன் நிற்கவில்லை. எழுந்த கும்பகருணன் முதலில் அண்ணனிடம் நீ செய்தது தவறு என்கிறான், சீதையை விட்டுவிடு என்கிறான். தம்பி வீடணன் வந்து இந்தப் பக்கம் வா என்று கூப்பிடும்போது, சோறு போட்டு வளர்த்தவனை விட்டு வரமாட்டேன் என்று சாகப் போகிறான். தவறு என்று தெரிந்த பக்கத்தில் நின்று சாகிற ஒருவன். தூங்குமூஞ்சி என்று நாம் கேலிசெய்யும் பாத்திரம் இது. இராமனைவிட இவன் கதைதான் எழுதுகிறவனை அதிகம் உறுத்துகிறது என்பது என் அபிப்பிராயம். வீடணன் ரசிகர்கள் மன்னிக்க.

★ சங்க அகப்பாடல்களில் யாருக்கும் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பரத்தை என்று உறவு மட்டும். இன்னார் என்று ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்பதைத் தொல்காப்பியம் விதியாகவே வைத்திருக்கிறது. அப்படி இருந்தும் ஒரு தோழிக்கும் இன்னொரு தோழிக்கும் வேறுபாடு தெரிகிறது, பேச்சாலும் அவள் காக்கும் ரகசியத்தாலும்.

★ சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொலைக்களத்துக்கு அனுப்பிய பொற்கொல்லனுக்கும் பெயர் இல்லை.

★ 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரில் வெளிவந்த 'தமிழ் நேசன்', 1950, 51 வாக்கில் ஒரு வேலை செய்தது. பத்திரிகையிலேயே 'கதை வகுப்பு' நடத்தியது. ஆசிரியர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும். கதை எழுதுவதைப் பள்ளிப்பாடம் மாதிரிச் சொல்லிக் கொடுக்கலாமா என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். இருந்தாலும் மலேசியச் சிறுகதை வரலாற்றை யார் எழுதினாலும் அந்த வகுப்பைத் தாண்டிப் போகமுடிவதில்லை. அதற்கு முன்பு இங்கே வந்த கதைகளில் காவிரிக்கரைக் கதாநாயகிகள் நடமாடினார்கள். வகுப்புக்குப் பிந்தைய தலைமுறை, தான் பிறந்த தோட்ட லயத்து ஆட்களை எழுத உட்கார்ந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்த காலத்தில், அதே பத்திரிகை சிறந்த சிறுகதைகளுக்குப் பவுன் பரிசு கொடுத்தது. தங்கப் பவுன்தான்.

★ தோட்டக் கதைகளை மொத்தமாகப் படித்தால் ஒன்று தென்படும்: எல்லாக் கதையிலும் ஒரே கங்காணி. மீசை, கைத்தடி, பெண்கள்மேல் கண். அந்தக் கொடுமை பொய்யில்லை. ஆனால் துரைக்குக் கணக்குச் சொல்லவேண்டிய பயம், ஊரிலிருந்து தான் கூட்டி வந்த சொந்தக்காரர்கள் தன்னையே சபிப்பதைக் காதால் கேட்கிற வேதனை, தோட்டக் குமாஸ்தாவான கிராணியின் ஆங்கிலத்துக்கு முன்னால் கூனிக் குறுகுவது, இவையும் கங்காணியிடம் உண்டு. இதில் ஒன்றை எடுத்து வைத்தால் மீசை தானாக உதிர்ந்துவிடும்.

★ மலேசியத் தமிழ் நாவல் வரலாறு 1917இலிருந்து எண்ணப்படுகிறது. முதலில் நிற்பது வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. தலைப்பே நாயகனின் பெயர்.

★ புதிய பாத்திரம் கைக்கு வரவில்லையா? அவருக்கு ஓர் அடையாள அட்டை எண் போட்டுப் பாருங்கள். மலேசிய எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: 10 என்றால் சிலாங்கூர், 14 என்றால் கோலாலம்பூர், 08 என்றால் பேராக். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். இப்போது 690513-14 என்று எழுதுங்கள். 1969 மே 13, கோலாலம்பூர். கலவரம் வெடித்த நாளில், வெடித்த ஊரில் பிறந்த குழந்தை. அன்று மாலை அம்மாவை யார், எந்தத் தெரு வழியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்? ஊரடங்கில் அப்பா எங்கே மாட்டிக்கொண்டார்? இந்தப் பிள்ளையின் பிறந்தநாளை வீட்டில் கொண்டாடினார்களா, சத்தமில்லாமல் கடந்து போனார்களா? எட்டு இலக்கங்களில் ஒரு நாவல் தொடங்கிவிட்டது.

★ எண் மட்டுமில்லை, அட்டையின் நிறமும் பேசும். குடிமகனுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு. இங்கேயே பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் சிவப்பு அட்டையோடு இருக்கும் தாத்தா பாட்டிகள் நம் குடும்பங்களில் உண்டு. ஓட்டுப் போட முடியாது. நீல அட்டைக்காரப் பேரன் தேர்தல் அன்று காலையில் விரலில் மையோடு வீட்டுக்குள் நுழைகிறான். பாட்டி என்ன கேட்பாள்? இதற்கு விடை எழுதத் தெரிந்தவருக்குப் பாத்திரப் படைப்பு பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

★ நம் ஆட்களுக்குக் குறைந்தது மூன்று பெயர்கள். அட்டையில் இருப்பது அப்பா பெயரோடு சேர்ந்த நீளப் பெயர், பத்திரிகையில் வருவது இனிஷியலோடு சுருங்கிய பெயர், லயத்தில் கூப்பிடுவது பட்டப்பெயர். ஒரே தோட்டத்தில் நாலு முனியாண்டி இருந்தால் பட்டப்பெயர் இல்லாமல் பெரட்டுக் களத்தில் ஆளைப் பிரிக்க முடியாது. எந்தப் பெயரை யார் வாயில் போடுகிறீர்கள் என்பதிலேயே பாதி உறவு தெரிந்துவிடும். போலீஸ்காரர் நீளப் பெயரைத்தான் வாசிப்பார்.

★ சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015) படத்தில் அப்படி ஒரு பட்டப்பெயர் வருகிறது: மெக்சிகோ. 1990களின் தொடக்கம். தோட்டத்திலிருந்து பெயர்த்து எறியப்பட்ட குடும்பங்கள் புறம்போக்கு வீடுகளில். அப்போய் என்கிற 12 வயதுப் பையனைச் சுற்றி மூன்று பெரியவர்கள்: படி படி என்று அடிக்கிற அப்பா மணியம், போதையிலிருந்து மீளப் பார்க்கிற சித்தப்பா பாலா, குண்டர் கும்பலில் இருக்கிற மெக்சிகோ. மூவரும் அண்ணன் தம்பிகள், ஒரே வறுமையிலிருந்து வந்தவர்கள், மூன்று விதமாகப் போனவர்கள். அப்போய்க்கு எதிரே மூன்று எதிர்காலங்கள் சட்டை போட்டுக்கொண்டு நடமாடுகின்றன. இதைவிடச் சிக்கனமான பாத்திர அமைப்பை மலேசியத் தமிழ்ப் படங்களில் நான் பார்த்ததில்லை. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் விருது வாங்கியது. தேசிய மொழியில் இல்லாத படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பிய பிறகு கைவிட்ட அதே ஆண்டு.

★ அதே 2016இல் கோலாலம்பூர்த் தெருக்களில் இறங்கிய இன்னொருவர், அதே பெயர்ப் படத்தின் நாயகன் கபாலி. சிறையில் நாம் முதன்முதலாகப் பார்க்கும்போது அவர் கையில் ஒரு புத்தகம்: ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய 'மை ஃபாதர் பாலய்யா', தெலங்கானா தலித் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. வசனம் தொடங்குமுன்பே ஆள் யார் என்பதை இயக்குநர் பா. இரஞ்சித் அட்டைப்படத்தால் சொல்லிவிட்டார். இன்னொரு விஷயம்: பழைய படங்களில் கபாலி என்றால் லுங்கி கட்டிய அடியாள். அந்தப் பெயருக்குக் கோட் மாட்டிவிட்டதில்தான் படத்தின் முழு வாதமும் இருக்கிறது.

★ பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தொழிலாளர்களுக்காக வெள்ளைக்காரன் கட்டிய 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகள் நூறாண்டு நின்று, பிறகு இடிபட்டன. பாத்திரத்துக்குச் சொந்த வீடு தேடுகிறவர்கள் இல்லாத வீட்டையும் யோசிக்கலாம். தான் பிறந்த வீட்டின் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரிந்த மனிதன், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கொஞ்சம் மெதுவாக நடப்பான்.

★ அதே பிரிக்பீல்ட்ஸில்தான் 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. வெள்ளைத்தடியோடு வேலைக்குப் போகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள், தோழியோடு வம்பளந்தபடி நடக்கிறவர்கள் அங்கே தினசரிக் காட்சி. நம் கதைகளிலோ பார்வையற்றவர் கோயில் வாசலில் பாடுவார், கடைசி அத்தியாயத்தில் அவருக்குப் பார்வை திரும்பும். பூக்கடை எங்கே முடிகிறது, வடைச்சட்டி எங்கே தொடங்குகிறது, கொம்யூட்டர் ரயில் எந்தத் தடத்தில் வருகிறது என்று அறிந்து, மாமூல் கேட்கிறவனையும் குரலால் அடையாளம் சொல்லும் ஒரு பிரிக்பீல்ட்ஸ்வாசியைத் துப்பறிய விட்டால் எப்படி இருக்கும்? யாராவது எழுதுங்கள், முதல் பிரதியை நான் வாங்குகிறேன்.

★ சாண்டோகான் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மலேசியப் புலி என்று இத்தாலியில் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடப்படும் கடற்கொள்ளை வீரன். படைத்தவர் எமிலியோ சல்காரி, முதல் தொடர் 1883. சல்காரி இந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. நூலகங்களில் உட்கார்ந்து வரைபடமும் பயணக்குறிப்பும் படித்தே எழுதினார். 1976இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது சாண்டோகானாக நடித்தவர் இந்திய நடிகர் கபீர் பேடி.

★ அதற்கு நேர்மாறு ஆன்றி ஃபொக்கொனியே. பிரான்சிலிருந்து வந்து சிலாங்கூரில் ரப்பர்த் தோட்டம் போட்டவர். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைப் பயிரைத் தொடங்கியவரும் அவர்தான். பிறகு 'மலேசி' என்ற நாவல் எழுதி 1930இல் பிரான்சின் உயர்ந்த இலக்கிய விருதான கோன்கூர் வாங்கினார். அதில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வருகிறார்கள், துரை கண்ணால் பார்த்தபடி. ஒரே ஊரில் வாழ்ந்தும் ஒரு பாத்திரத்தின் வீட்டுக்குள் போகாமல் எழுத முடியும் என்பதற்கு அந்த நாவலைப் படித்துப் பார்க்கலாம். அழகான புத்தகம்தான்.

★ ப. சிங்காரம் மொத்தம் எழுதியது இரண்டே நாவல்கள். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி'. சிங்கம்புணரியில் பிறந்து பதினெட்டு வயதில் மேடானுக்குக் கடைவேலைக்குப் போய், போர் முடிந்து திரும்பியவர். 'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியன் பினாங்கிலும் மேடானிலும் இந்திய தேசிய ராணுவத்திலும் அலைகிறான். குடிக்கிறான், கொல்கிறான், இடையிடையே தமிழ்ப் பெருமையைக் கிழிகிழி என்று கிழிக்கிறான். சாகசக்காரனுக்கு இவ்வளவு கேலிப்புத்தியும் இவ்வளவு ஊர்நினைப்பும் ஒன்றாக இருக்கலாம் என்று அதுவரை தமிழ் நாவல் எண்ணவில்லை. புத்தகம் வந்தது 1972இல். வாசகர்கள் பாண்டியனைக் கண்டுகொள்ள இன்னும் பல வருடம் ஆயிற்று.

★ சயாம் மரண ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942, 43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் பிடித்துப்போன தமிழர்கள் பல்லாயிரம். திரும்பாதவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறைகூட இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் அங்கிருந்து ஆட்களை மீட்டுக்கொண்டு வந்த நாவல்கள். கணக்கில் எண்ணாகக்கூட ஒழுங்காக ஏறாதவனுக்கு ஒரு பெயர், ஒரு காதலி, ஒரு கெட்ட பழக்கம் கொடுப்பது கற்பனை வேலைதான். அதைச் செய்ய உயிர்மீண்டவர்களின் வாய்மொழி வேண்டியிருந்தது.

★ ம. நவீனின் 'சிகண்டி' கோலாலம்பூர் சௌக்கிட் பகுதியின் திருநங்கையரைச் சுற்றி நடக்கிறது. அவருடைய முந்தைய நாவல் 'பேய்ச்சி'யை உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் தடை செய்தது.

★ கிளந்தான் நிழற்பாவைக் கூத்தில் இராமாயணம் நடக்கும். அதில் வால்மீகியும் கம்பனும் கேள்விப்படாத இரண்டு பேர் புகுந்து பேசுவார்கள்: பாக் டோகோல், வாக் லோங். அசடு மாதிரிப் பேசி அரசியலைக் குத்துவார்கள். நம் தோற்பாவைக் கூத்திலோ உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும். கடலின் இரு கரையிலும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது: பெரிய கதையில் மாற்ற முடியாத பாத்திரங்களுக்கு நடுவே, சொந்தமாக இரண்டு பேரைச் செருகிவிடு, கூட்டம் அவர்களுக்காகவே வரும். உப்பின், இப்பின் தொடரில் வரும் தோக் டாலாங் பாட்டனார் அந்தக் கூத்து மரபிலிருந்து வந்தவர்தான்.

★ கல்கியும் அதைத்தான் செய்தார். வந்தியத்தேவன் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது, குந்தவையின் கணவராக. அவ்வளவுதான். குதிரை, அசட்டுத் துணிச்சல், மாட்டிக்கொண்டதும் வாயில் வருகிற பொய், எல்லாம் கல்கி போட்டது. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் முழுக் கற்பனை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களிடம் மறக்க முடியாதவர் யார் என்று கேட்டால், வரலாற்றில் இருந்த இராஜராஜனைச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்து கிள்ளானில் மூன்று பேத்திகளுக்குப் பூங்குழலி என்று பெயர்.

★ ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் வந்தபோது தமிழ்நாடே சண்டை போட்டது. மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண், நடந்ததை வீட்டில் வந்து சொல்ல, அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி நீ சுத்தம் என்கிறாள். ஜெயகாந்தன் பிறகு தன்னையே ஒரு கேள்வி கேட்டார்: அம்மா அப்படிச் செய்யாமல், ஊர் கூட்டி அழுதிருந்தால்? அந்த ஒரு மாற்றத்திலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது, 1972இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. அதன் நாயகி கங்கா அதிலும் ஓயாமல் 'கங்கை எங்கே போகிறாள்' வரை நடந்தாள். உங்கள் பாத்திரம் நகராமல் நின்றால், பக்கத்தில் இருப்பவர் எடுத்த முடிவை மாற்றிப் பாருங்கள்.

★ லாட் முதலில் குற்றச்செய்தி நிருபர், பிறகுதான் முழுநேரக் கார்ட்டூனிஸ்ட். அவருடைய 'கம்போங் பாய்' புத்தகம் வந்தது 1979இல். உயரக் கொண்டையும் இறக்கை மூக்குக்கண்ணாடியுமாக அவர் வரையும் ஆசிரியை மிசஸ் ஹியூ, அவருக்கே பாடம் நடத்தியவரின் சாயல்.

★ வீரமாமுனிவர் பரமார்த்த குருவுக்குக் கொடுத்த ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். இயன் ஃபிளெமிங்குக்கு இதற்கு நேர் எதிரான ஆசை. உப்புச்சப்பில்லாத பெயர் வேண்டும் என்று மேற்கிந்தியத் தீவுப் பறவைகள் பற்றிய புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். அதை எழுதிய பறவையியலாளர் பெயர் ஜேம்ஸ் பாண்ட்.

★ பிறர் படைத்த பாத்திரத்தை எடுத்து எழுதலாமா? மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுகள் வரை உரிமை உண்டு, இந்தியாவில் 60. கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு 1999இல் நாட்டுடைமையாக்கியதால் நந்தினியைப் போர்ட் கிள்ளானில் கப்பலிலிருந்து இறக்கிவிட உங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸை ஜாலான் தெங்கு கெலானாவில் பலகாரம் சாப்பிட வைக்கலாம். ஆர்தர் கோனன் டாயில் 1930இலேயே இறந்துவிட்டார். மாட்டுக்கார ராஜுவை மட்டும் தொடாதீர்கள். அவனுக்கு ஷா ஆலாமில் முதலாளி இருக்கிறார்.